சூரியனும் எங்கட இரவுச் சிக்னலும்: திருகோணமலையில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் திருகோணமலையில போட்டுகளுக்கு ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் பூட்டிக் குடுக்கிற ஆள், நில அளவைக்காரர் கொண்டுவாற ரிசீவரும் பாப்பன். கொட்பேயில இருந்து ஆழ்கடலுக்குப் போறவங்க, நிலாவெளிப் பக்கம் காணி அளக்கிறவங்க, ஹாம் ரேடியோ பண்ணுற பெடியங்கள், ஏஎல் படிக்கிற பிள்ளைகள் எண்டு எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே சந்தேகங்களைத்தான் கேக்கிறாங்க. அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிப்போட்டன். முன்னுக்கு லேசான கேள்வி, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானது வரும். அவசரத்தில இருக்கிறவங்க கடைசிக் கேள்வியை மட்டும் வாசிச்சாலும் காணும், ஆனா முழுக்க வாசிச்சா நல்லம்.

"அண்ணே, பகல் முழுக்க நல்லா வேலை செய்த ஜிபிஎஸ் ராவு எட்டு மணிக்கு ஏன் ஆடுது? செட் பழுதா?"

பங்குனி சித்திரையில, இல்லாட்டி புரட்டாசி ஐப்பசியில, இரவு ஏழரைக்கும் நடுச்சாமத்துக்கும் இடையில மட்டும் ஆடி, விடியக் காத்தால தானா சரியாகுது எண்டா அனேகமா செட்டில பிழை இல்ல. அன்ரனா வயர் உப்புக்காத்தில பூத்துப்போயிருந்தா அது பகலிலயும்தான் தொந்தரவு குடுக்கும், நேரம் பாத்து வராது.

செட்டில சட்டலைட் பார் காட்டுற பக்கத்தைத் திறந்து வச்சிட்டு ஒரு அஞ்சு நிமிசம் பாருங்க. நல்ல நாளில 45 எண்டு அசையாம நிக்கிற பார் ஒண்டு திடீரெண்டு 30க்கு விழும், ரெண்டு செக்கன்ல 44க்கு ஏறும், திரும்ப 28க்குப் போகும், பக்கத்து சட்டலைட் ஒண்டும் நடக்காத மாதிரி அப்படியே நிக்கும். அனேகமா மேற்குப் பக்கத்து சட்டலைட்டுகளில தொடங்கி, கொஞ்ச நேரம் போக தலைக்கு மேல உள்ளதுக்கும் பிறகு கிழக்குப் பக்கத்துக்கும் அந்த ஆட்டம் மாறும். அன்ரனா பழுதெண்டா எல்லாப் பாரும் ஒண்டா விழும். இந்த வித்தியாசத்தைப் பாக்கப் பழகினா வீணா செட்டைக் கழட்டி கொண்டுவாற அலைச்சல் இல்ல.

"சேர், அயன்மண்டலம் எண்டா என்ன? பள்ளிக்கூடத்தில படிச்சது மறந்துபோச்சு"

தரையில இருந்து கிட்டத்தட்ட 60, 70 கிலோமீட்டருக்கு மேல காத்து ரொம்ப ஐதா இருக்கு. அங்க சூரியன்ட கழியூதாக் கதிரும் எக்ஸ் கதிரும் பட்டு அணுக்களில இருந்து இலத்திரன் பிரிஞ்சு, இலத்திரனும் நேர் அயனும் கலந்து கிடக்கு. அதைத்தான் பிளாஸ்மா எண்டுறது. கீழ இருந்து டி, ஈ, எஃப் எண்டு படலம் படலமாப் பிரிச்சுச் சொல்லுவாங்க. டி படலம் 60 இல் இருந்து 90 கிலோமீட்டர், ஈ படலம் 100, 110 கிலோமீட்டர் போல, எஃப் படலத்தில இலத்திரன் ஆகக்கூடின இடம் 250 இல் இருந்து 400 கிலோமீட்டருக்குள்ள வரும்.

ஜிபிஎஸ் சட்டலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்தில நிக்குது, அதின்ட சிக்னல் இந்தப் படலங்கள் எல்லாத்தையும் ஊடறுத்துத்தான் எங்கட கைக்கு வருது. ஆழ்கடலில இருந்து தூரத்துக்குக் கதைக்கிற எஸ்எஸ்பி வயர்லெஸ் செட்டில போற குரல் எஃப் படலத்தில பட்டுத் திரும்பித்தான் கரைக்கு வருது. அதால மேல ஒரு குழப்பம் எண்டா ரெண்டுக்கும் அடி விழும்.

"வெயில் போன பிறகுதானே குழப்பம் வருது, அப்ப சூரியனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கேள்வி, இதுதான் எல்லாத்துக்கும் அடி. எங்களுக்கு ஆறே காலுக்குப் பொழுது பட்டாலும் 100 கிலோமீட்டர் உயரத்தில இன்னும் 40 நிமிசம் போல வெயில் இருக்கும், 300 கிலோமீட்டரில ஒரு மணித்தியாலத்துக்கும் மேல வெயில் இருக்கும். ஆக இருட்டு கீழ இருந்து மேலுக்குத்தான் ஏறுது. ஈ படலத்தில இருட்டானவுடன இலத்திரனும் அயனும் கெதியாத் திரும்பச் சேந்துபோகும், மேல எஃப் படலத்தில சேருறது மெதுவா நடக்கிறதால அது ராவு முழுக்கக் கிடக்கும்.

பகலில ஈ படலம் மின்சாரத்தை நல்லாக் கடத்தும், மேல எஃப் படலத்தில காத்து கிளப்புற மின்னழுத்தத்தை எல்லாம் அது ஷோர்ட் பண்ணி இல்லாம ஆக்கிப்போடும். பொழுது பட்டு அந்தக் கடத்தல் விழுந்தவுடன, பின்னேரம் கிழக்குப் பக்கம் பலமா வீசுற மேல்காத்து உண்டாக்கிற மின்புலம் அப்படியே தேங்கி, கொஞ்ச நேரத்துக்கு கிழக்கு நோக்கின மின்புலம் கூடும். இங்க பூமியின்ட காந்தப்புலம் தெற்கில இருந்து வடக்கா கிடையாப் படுத்திருக்கு, அதோட இந்த மின்புலம் சேந்தா பிளாஸ்மா மேல தள்ளுப்படும். அதால பொழுது பட்ட கையோட எஃப் படலம் முழுசா மேல எழும்புது.

அதேநேரம் படலத்தின்ட அடிப்பக்கம் கரைஞ்சு கரைஞ்சு வெறுமையாகுது. இப்ப மேல பாரமானதும் கீழ பாரமில்லாததும், எண்ணெய்க்கு மேல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி. அந்த நிலை நிலைச்சு நிக்காது, ஒரு சின்ன அசைவு காணும், கீழ உள்ள ஐதான பிளாஸ்மா குமிழாக் கிளம்பி மேல உள்ளதைத் துளைச்சுக்கொண்டு போகும். இதுக்கு ரேலி-டெய்லர் நிலையாமை எண்டு பேர். சூரியன் பகலில நிரப்பி விட்டுட்டுப் போறதும், போற நேரத்தில கீழ்ப்படலத்தை வெட்டி விடுறதும் ரெண்டும் சேந்துதான் இரவுக் குழப்பம்.

"குமிழ் எண்டு சொல்லுறீங்க, அது எவ்வளவு பெருசு? எங்க போகுது?"

கிழக்கு மேற்காப் பாத்தா 100 கிலோமீட்டர் கணக்கு, உயரத்தில சிலது 1,000 கிலோமீட்டரையும் தாண்டும், காந்தக் கோட்டு வழியா வடக்குத் தெற்கா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கும். குமிழுக்குள்ள இலத்திரன் வெளியில உள்ளதிலும் பத்து மடங்கு நூறு மடங்கு குறைவா இருக்கலாம். குமிழ் முழுசா இரவில கிழக்குப் பக்கம் செக்கனுக்கு 100, 150 மீட்டர் வேகத்தில நகரும், அதாலதான் முதல் கேள்வியில சொன்ன மாதிரி ஆட்டம் மேற்கில தொடங்கிக் கிழக்குக்கு மாறுது.

ஆனா சிக்னலைக் கெடுக்கிறது குமிழின்ட பெருப்பம் இல்ல, அதின்ட விளிம்பும் உள்பக்கமும் கிழிஞ்சு கிழிஞ்சு உண்டாகிற சின்னச் சின்னத் துண்டுகள். ஜிபிஎஸ்ஸின்ட 1575 மெகாஹேர்ட்ஸ் சிக்னலுக்கு 400 மீட்டர் அளவில உள்ள ஒழுங்கின்மைதான் ஆகக் கூடுதலா ஆட்டும். இந்தக் குழப்பத்தை முதல் கண்டது ஜிபிஎஸ் வாறதுக்கு கனகாலம் முன்ன, 1938 இல பேருவில ஹுவாங்காயோ எண்ட இடத்தில. மேல அனுப்பின ரேடியோ எதிரொலி ஒரு கோடாத் திரும்பி வராம பரவிச் சிதறி வந்ததை புக்கர், வெல்ஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சிக்காரர் எழுதி வச்சாங்க, அதால இண்டைக்கும் இதை எஃப் படலப் பரவல் எண்டுதான் சொல்லுறது.

"ஏன் எங்கட பக்கம் மட்டும்? லண்டனில இருக்கிற மச்சான் அப்படி ஒண்டும் இல்ல எண்டுறார்"

மூண்டாவது பதிலில சொன்ன மேல்தள்ளல் நடக்கோணும் எண்டா காந்தப்புலம் கிடையா இருக்கோணும். லண்டனில அது செங்குத்தாக் கிட்ட கீழ இறங்குது, அங்க இந்த விளையாட்டுக்கு இடமில்ல. காந்தப்புலம் கிடையாப் படுத்திருக்கிற கோட்டைத்தான் காந்த நடுக்கோடு எண்டுறது, அது புவி நடுக்கோட்டோட ஒத்துப்போகாது, எங்கட பக்கம் வடக்கால விலகி தென்னிந்தியாவின்ட நுனியையும் இலங்கையையும் ஒட்டிப் போகுது. திருகோணமலை 8.5 பாகை வடக்கில இருக்கு, ஆக அந்தக் கோட்டுக்கு மிச்சம் கிட்ட.

இந்தியா 1963 நவம்பர் 21 இல கேரளாவில உள்ள தும்பாவில இருந்து முதல் ரொக்கெட் விட்டதே இந்தக் காரணத்துக்குத்தான், காந்த நடுக்கோட்டுக்கு மேல என்ன நடக்குது எண்டு நேரடியாப் பாக்க. எங்கட கடலுக்கு நேர மேல நடக்கிறதைப் பாக்க உலகம் முழுக்க இருந்து ஆக்கள் கருவி கொண்டுவாறாங்க எண்டுறதை எங்கட பிள்ளைகளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்ல எண்டுறது எனக்குக் கவலைதான்.

"சூரியப்புள்ளி கூடினா குழப்பமும் கூடுமாமே, அது எப்படிக் கூடுது?"

மூண்டு வழியாக் கூடுது. ஒண்டு, சூரியன்ட முகத்தில கறுப்புப் புள்ளி கூடி அது சுறுசுறுப்பா இருக்கிற காலத்தில கழியூதாக் கதிர் கூட, அதால எஃப் படலத்தில இலத்திரன் அடர்த்தி கூட. அடர்த்தி கூடினா உள்ளயும் வெளியயும் உள்ள வித்தியாசமும் கூடும், சிக்னல் ஆடுறது அந்த வித்தியாசத்தில தங்கியிருக்கு. ரெண்டு, மேல்காத்தும் எஃப் படலத்தின்ட கடத்துதிறனும் கூடுறதால பொழுது படுற நேர மேல்தள்ளலும் பலமாகும். சூரியன் அமைதியான வருசத்தில அந்த எழும்பல் செக்கனுக்கு 10, 20 மீட்டர் அளவில நிக்கும், உச்ச வருசத்தில 40, 50, சில நாளில அதுக்கும் மேல போகும். பேருவில உள்ள ஹிகமார்க்கா ரேடார் 1960களில இருந்து இதை அளந்து வச்சிருக்கு.

மூணாவதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம். படலம் உயர எழும்பினா அங்க காத்து இன்னும் ஐது, அயன் போய் முட்டுற அணுக்கள் குறைவு. முட்டுறது குறைஞ்சா குமிழ் வளர்ற வேகம் கூடும். ஆக எழும்பலின்ட வேகமும் உதவுது, எழும்பிச் சேர்ற உயரமும் உதவுது, ஒண்டு மற்றதைத் தூக்கி விடுது. அதாலதான் சூரியப்புள்ளி ரெண்டு மடங்காகிறதும் குழப்பம் ரெண்டு மடங்காகிறதும் ஒரே கணக்கு இல்ல. சூரியன் அமைதியா இருக்கேக்க கனக்க இரவு ஒண்டுமே இல்லாமப் போகும், உச்சத்தில சீசன் இரவுகளில அனேகமானதில ஏதோ ஒண்டு இருக்கும்.

சூரியப்புள்ளியை எண்ணுறதை விட நல்ல அளவு ஒண்டு இருக்கு, 10.7 சென்ரிமீட்டர் அலைநீளத்தில சூரியன் விடுற ரேடியோ இரைச்சல். கனடாவில 1947 இல இருந்து ஒவ்வொரு நாளும் அளக்கிறாங்க. சூரியன் அமைதியா இருந்தா 70க்குக் கிட்ட நிக்கும், உச்சத்தில 200ஐத் தாண்டும். விண்வெளி வானிலைப் பக்கங்களில இதைத்தான் நான் முதல் பாப்பன், ஒரு நாள் இலக்கத்தை விட கடைசி ஒரு மாசப் போக்கைப் பாக்கிறதுதான் பிரயோசனம்.

"அப்ப இந்த 11 வருசக் கணக்கில இப்ப நாங்க எங்க நிக்கிறம்?"

சூரியப்புள்ளி கூடித் திரும்பக் குறைய 11 வருசம் போல எடுக்கும், அதை ஒரு சுற்று எண்டுறது. 25ஆவது சுற்று 2019 டிசம்பரில தொடங்கினது. முதல் கணிப்பில உச்சம் 115 எண்ட சூரியப்புள்ளி இலக்கத்தோட 2025 ஜூலையில வரும் எண்டாங்க, ஆனா சூரியன் அதைக் கேக்கேல்ல, முன்னுக்கே வந்து 160 அளவுக்குப் போச்சு. 2024 அக்டோபர் 15 இல நாசாவும் அமெரிக்க வானிலை ஆக்களும் உச்சக் காலத்துக்குள்ள வந்திட்டம் எண்டு அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின 24ஆவது சுற்று 2014 ஏப்ரலில 116 ஓட உச்சம் தொட்ட அமைதியான சுற்று. அந்தக் காலத்தில செட் வாங்கிப் பழகினவங்களுக்குத்தான் இப்ப "முந்தி இப்படி இல்லையே" எண்டு கூட அதிர்ச்சி.

உச்சம் கழிஞ்சவுடன குறைஞ்சிடும் எண்டு நினைக்க வேண்டாம், இறங்குறது ஏறுறதை விட மெதுவாத்தான். அடுத்த அடிமட்டம் 2030 வாக்கில வரும் எண்டு பாக்கலாம், அதுவரைக்கும் ஒவ்வொரு சீசனிலயும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்.

"வருசம் முழுக்க வருமா, மாசக்கணக்கு ஏதும் இருக்கா?"

இருக்கு, அது நல்லாத் திருத்தமா இருக்கு. பகலையும் ராவையும் பிரிக்கிற பொழுது படுற கோடு காந்தக் கோட்டோட ஒரே வரியில விழுற காலத்தில, காந்தக் கோட்டின்ட வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் ஒரே நேரத்தில இருட்டாகும், ரெண்டு பக்கத்து ஈ படலமும் ஒண்டா விழுந்தாத்தான் ஷோர்ட் முழுசா அறுபடும். எங்கட பக்கம் காந்த ஊசி கிட்டத்தட்ட நேர் வடக்கையே காட்டுறதால அது மார்ச் ஏப்ரலிலயும் செப்டம்பர் அக்டோபரிலயும் நடக்குது. பிரேசில் பக்கம் ஊசி மேற்கால நல்லா விலகியிருக்கு, அங்க சீசன் டிசம்பரை ஒட்டி வரும். அதால வெளிநாட்டு வீடியோ பாத்திட்டு "டிசம்பரில கவனமாம்" எண்டு ஆரும் சொன்னா எங்களுக்கு அது பொருந்தாது.

எங்கட கிழக்குக் கரைக்கு இது கொஞ்சம் பொல்லாத பொருத்தம். வாடை முடிஞ்சு கடல் அடங்கி போட்டுகள் இறங்குற பங்குனியிலதான் முதல் சீசன், சோளகம் முடிஞ்சு கடைசித் தொழில் நடக்கிற புரட்டாசியில ரெண்டாவது.

"கடற்கரையில நிண்டா சில ராவு தமிழ்நாட்டு எஃப்எம் கிளியராக் கேக்குது, அதுவும் இதாலதானா?"

இல்ல. அது அயன்மண்டலத்துக்கு ஏறுறதே இல்ல, கடலுக்கு மேல ரெண்டு மூண்டு கிலோமீட்டருக்குள்ள சூடான காத்தும் ஈரக் காத்தும் அடுக்கா நிக்கேக்க சிக்னல் அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு வாறது. சூரியப்புள்ளியோட அதுக்குத் தொடர்பில்ல.

"போன் கோல், டிஷ் டிவி எல்லாம் கெடுமா?"

போன் கோல் தரையில உள்ள டவரோடதான், அதுக்கு ஒண்டும் ஆகாது, போனில மெப் காட்டுற புள்ளி மட்டும் ஓடித் திரியலாம். டிஷ் டிவி 12 கிகாஹேர்ட்ஸ் அளவில வாறது, அதைக் கெடுக்கிறது மழை. அடி வாங்கிறது எல்பேண்ட், அதாவது 1 இல் இருந்து 2 கிகாஹேர்ட்ஸ் பட்டைச் சாமான்கள்: ஜிபிஎஸ், அந்தப் பட்டையில வேலை செய்யுற சட்டலைட் போன், போட்டில பூட்டிற கண்காணிப்புப் பெட்டி. போட்டுக்குப் போட்டு கதைக்கிற விஎச்எஃப் செட், சனல் 16, அதுவும் நேர்கோட்டில போறது எண்டதால தப்பும்.

"சோலார் ஃபிளேர் எண்டு நியூசில வந்தா அண்டு ராவு கவனமா இருக்கோணுமா?"

ஃபிளேர் வேற கதை. அது எக்ஸ் கதிர் வெடிப்பு, எட்டு நிமிசத்தில பூமிக்கு வந்து பகல் பக்கத்தில மட்டும் டி படலத்தைத் தடிப்பாக்கும். டி படலம் தடிச்சா எஸ்எஸ்பி சிக்னலை விழுங்கும், மத்தியானத்தில திடீரெண்டு செட் ஊமையாகி, முதல் கீழ் பிரீக்குவன்சி போய் கடைசியா அதுவே திரும்பி வரும், அனேகமா பத்து நிமிசத்தில இருந்து ஒரு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சரியாகிடும். அப்ப மேல் பிரீக்குவன்சிக்கு மாறிப் பாருங்க. ராவில ஃபிளேர் வெடிச்சா எங்களுக்கு ஒண்டும் தெரியாது, வெடிச்ச பக்கம் எங்களைப் பாத்து இல்ல.

ஃபிளேரோட பிளாஸ்மா மேகமும் கிளம்பி எங்கட பக்கம் வந்தா அதுக்கு ஒண்டில இருந்து மூண்டு நாள் எடுக்கும், அதுதான் காந்தப் புயல். அதைப் பற்றி அடுத்த பதில்.

"சூரியப் புயல் எண்டு பெரிசாச் சொன்னாங்க, அண்டு ராவு சிக்னல் வழமையை விட நல்லா இருந்துச்சே அண்ணே?"

இது பொய்யில்ல, உண்மையாவே அப்படி நடக்கும். புயல் குழப்பத்தைக் கூட்டவும் செய்யும், அழிக்கவும் செய்யும், எங்களுக்கு எத்தினை மணிக்கு வந்து சேருது எண்டுறதில எல்லாம் இருக்கு. சூரியனில இருந்து வாற பிளாஸ்மா ஓட்டத்தை சூரியக் காத்து எண்டுறது, அதின்ட காந்தப்புலம் தெற்குப் பக்கம் திரும்பினவுடன துருவப் பக்கத்து மின்புலம் நிமிசக் கணக்கில நடுக்கோடு வரைக்கும் ஊடுருவும். அது எங்கட பொழுது படுற நேரத்தோட பொருந்தினா ஏற்கனவே உள்ள மேல்தள்ளலோட சேந்து படலத்தை எக்கச்சக்கமாத் தூக்கும், அண்டைக்குக் குமிழ் மோசமா இருக்கும். அதே ஊடுருவல் நடுச்சாமத்துக்குக் கிட்ட வந்தா படலத்தைக் கீழ அமத்தும்.

பிறகு ரெண்டாவது வேலை தொடங்கும். துருவப் பக்கம் சூடான காத்து நடுக்கோட்டுப் பக்கம் வீச மணித்தியாலக் கணக்கு எடுக்கும், அந்தக் காத்து உண்டாக்கிற மின்புலம் வழமையானதுக்கு எதிர்ப்பக்கம். அது பின்னேர எழும்பலை அமத்திப்போடும், அதால அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கு சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா நடுச்சாமம் தாண்டி விடியப் பக்கம் படலத்தைத் தூக்கி நேரங்கெட்ட நேரத்தில குழப்பத்தைக் கிளப்பலாம். புயலுக்கு அடுத்த ராவு ஏழு மணிக்கு "ஒண்டும் இல்ல" எண்டு நினைச்சு விடியக்காத்தால ரெண்டு மணிக்கு நுணுக்கமான வேலை வைக்கிறது நல்ல முடிவில்ல.

2024 மே 10 இல வந்தது 2003க்குப் பிறகு வந்த ஆகப் பெரிய தரத்துப் புயல், லடாக்கில ஹான்லே வானில சிவப்பு வெளிச்சம் பதிவானது அண்டைக்குத்தான். அது பூமியில வந்து மோதினது எங்கட நேரம் இரவு பத்தரை தாண்டி, எங்கட பின்னேர எழும்பல் முடிஞ்ச நேரம். அந்த நிமிசம் பொழுது பட்டுக்கொண்டு இருந்தது ஆபிரிக்காப் பக்கம். நியூசில புயலின்ட பெருப்பத்தை மட்டும் சொல்லுறாங்க, எங்களுக்கு வேண்டியது மணி.

"நாங்கதான் காந்த நடுக்கோட்டில இருக்கிறம் எண்டா எங்களுக்குத்தானே ஆக மோசமா இருக்கோணும்?"

குமிழ் பிறக்கிறது எங்களுக்கு மேல, ஆனா ஜிபிஎஸ்ஸுக்கு ஆகப் பலத்த அடி விழுறது எங்களுக்கு இல்ல. பகலில மேல தள்ளுப்பட்ட பிளாஸ்மா அப்படியே நிக்காம காந்தக் கோடு வழியா ரெண்டு பக்கமும் சறுக்கி இறங்கி காந்த நடுக்கோட்டில இருந்து 15 பாகை வடக்கிலயும் தெற்கிலயும் குவியுது. இதுக்கு அப்பிள்டன் முரண் எண்டு பேர், அப்பிள்டன் எண்ட விஞ்ஞானி 1946 இல எழுதினார், கல்கத்தாவில சிசிர்குமார் மித்ராவும் அந்தக் காலத்திலயே இதுக்கு விளக்கம் குடுத்தவர். எங்கட பக்கத்து வடக்குக் குவியல் கல்கத்தா, அகமதாபாத் வரியில விழுது. அடர்த்தி அங்க கூட எண்டதால, எங்கட தலைக்கு மேல பிறந்த அதே குமிழ் நீண்டு போய் அங்க வெட்டேக்க வித்தியாசம் பயங்கரமா இருக்கும்.

எங்களுக்கு இதில ஒரு நடைமுறைப் பாடம் இருக்கு. அடிவானத்தில இருந்து 10 பாகை உயரத்தில வடக்கால நிக்கிற சட்டலைட்டின்ட சிக்னல் எஃப் படலத்தை வெட்டுறது எங்களுக்கு மேல இல்ல, 1,000 கிலோமீட்டருக்கும் மேல வடக்கில, குவியலின்ட விளிம்புக்குக் கிட்ட. தலைக்கு மேல உள்ளது தப்பிக்க வடக்கில தாழ நிக்கிறது முதல் விழுறது இதால.

"நான் ஹாம். 50 மெகாஹேர்ட்ஸில ஜப்பான்காரரும் அவுஸ்திரேலியாக்காரரும் பின்னேரம் கதைக்கிறாங்க, எங்களுக்கு ஏன் கேக்கிறது குறைவு?"

அது நடுக்கோட்டைத் தாண்டிற பரவல். மேல சொன்ன ரெண்டு குவியலையும் படிக்கல்லாப் பாவிச்சு, நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சம தூரத்தில இருக்கிற ஆக்களுக்குத்தான் பாதை அமையும், ஹாம் ஆக்கள் 1947 வாக்கிலேயே கண்டுபிடிச்ச விசயம். பொழுது பட்ட பிறகு வாறது குமிழின்ட சுவர் வழியா வழிநடத்தப்பட்டு வாறது, குரல் படபடத்துக் கரகரக்கும், 144 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் கூடப் போகும். நாங்க நடுவில நிக்கிறம், சிக்னல் எங்கட தலைக்கு மேலால தாண்டிப் போகுது.

"டுவல் பிரீக்குவன்சி போன், டுவல் ரிசீவர் வாங்கினா இந்தப் பிரச்சினை முடிஞ்சுதா?"

பாதி முடியும். அயன்மண்டலம் ரெண்டு கெடுதல் செய்யுது, ஒண்டு சிக்னலைப் பிந்த வைக்கிறது, மற்றது ஆட்டுறது. பிந்துறது உச்ச வருசத்துப் பகலில தலைக்கு மேலேயே 16 மீட்டர் பிழை குடுக்கக்கூடியது, ஒரு பிரீக்குவன்சி செட் சட்டலைட் அனுப்புற மாதிரிக் கணக்கை வச்சு அதில பாதி போலத்தான் கழிக்கும். ரெண்டு பிரீக்குவன்சி இருந்தா ரெண்டிலயும் பிந்துறதை ஒப்பிட்டு கிட்டத்தட்ட முழுசாக் கழிச்சிடும்.

ஆட்டத்தை அப்படிக் கழிக்கேலாது, பிரீக்குவன்சி குறையக் குறைய ஆட்டம் கூடும். 1176 மெகாஹேர்ட்ஸ் எல்5 இல ஆட்டம், எல்1 எண்டுற 1575 மெகாஹேர்ட்ஸ் சிக்னலை விட ஒண்டரை மடங்கு. ஆனா பழைய டுவல் ரிசீவரில எல்2 எண்ட ரெண்டாவது பிரீக்குவன்சியைப் பிடிக்கிற முறை பலவீனமானது, லேசான ஆட்டத்துக்கே விட்டுடும், புது எல்5 சிக்னல் பலமானது எண்டதால தாக்குப்பிடிக்கும். இந்தியாவின்ட சொந்த ஜிபிஎஸ் மாதிரியான நாவிக் 2492 மெகாஹேர்ட்ஸ் எஸ்பேண்டையும் பாவிக்குது, அதில ஆட்டம் எல்1இன்ட பாதிதான். எங்கட பக்கத்துக்கு அது நல்ல யோசனை எண்டுதான் நான் நினைக்கிறன்.

"சூரியன் அமைதியா இருக்கிற வருசத்தில ஒண்டுமே வராது எண்டு எடுக்கலாமா?"

எடுக்கேலாது. பின்னேரக் குமிழ் குறையும், சரி. ஆனா அமைதியான வருசங்களில சோளகக் காலத்து ஜூன் ஜூலையில நடுச்சாமம் தாண்டின பிறகு எஃப் படலத்தில ஒழுங்கின்மை வாறது, 2008 இல அனுப்பின சி-நோஃப்ஸ் சட்டலைட் இப்படி விடியச்சாமக் குழப்பத்தை நல்லாப் பாத்தது. அப்ப பிளாஸ்மா அடர்த்தி ரொம்பக் குறைவு எண்டதால ஜிபிஎஸ் பெரிசா ஆடாது, ரேடாரும் கீழ் பிரீக்குவன்சியும்தான் உணரும்.

சூரியன் அமைதியானா கீழ இருந்து வாற பாதிப்பு வெளியில தெரியும். 2009 ஜனவரியில வடதுருவத்துக்கு மேல படைமண்டலம் திடீரெண்டு சூடான நேரம், பேருவில பகல் நேர மேல்தள்ளலின்ட போக்கே மாறிப்போச்சு. 2022 ஜனவரி 15 இல தொங்கா எரிமலை வெடிச்ச பிறகு அதின்ட அலை பொழுது படுற நேரத்தோட சேந்து ஆசியப் பக்கம் குமிழ்களைக் கிளப்பினது.

"பகலில முழுசா அமைதியா?"

எஃப் படலம் அமைதி. ஆனா காந்த நடுக்கோட்டுக்கு மேல 105 கிலோமீட்டர் உயரத்தில பகலில பெரிய மின்னோட்டம் ஒண்டு கிழக்கு நோக்கி ஓடுது, மூண்டு பாகைக்குள்ள ஒடுங்கின பட்டை, அதுக்குள்ளயும் மீட்டர் கணக்கில ஒழுங்கின்மை இருக்கு. ரேடாருக்கு அது பளிச்செண்டு தெரியும், ஜிபிஎஸ்ஸுக்கு உறைக்காது. சூரியன் உச்சத்துக்குப் போனா அந்த ஓட்டமும் பலமாகும்.

"இண்டைக்கு ராவு வருமா வராதா எண்டு முதலே சொல்லேலாதா?"

வருசத்தையும் மாசத்தையும் மணியையும் நல்லாச் சொல்லலாம், மேல சொன்ன பதில்கள் எல்லாம் அதுதான். இண்டைக்கா நாளைக்கா எண்டுறதுதான் உலகத்திலயே இன்னும் தீராத கேள்வி. ஒரே சூரியன், ஒரே சீசன், நேற்று ஆட்டம், இண்டைக்கு அமைதி. எழும்பல் வேகம் ஒரு எல்லையைத் தாண்டினாத்தான் குமிழ் பிறக்கும், அந்த எல்லை அமைதி வருசத்தில செக்கனுக்கு 20 மீட்டர் போல, உச்ச வருசத்தில அதுக்கும் கூட. அந்த எல்லைக்குக் கிட்ட நிக்கிற நாளில, கீழ இடி மழை கிளப்பி விட்ட காத்தலை ஒண்டு வந்து படலத்தின்ட அடியை அசைக்குதா இல்லையா எண்டுறது முடிவு பண்ணும்.

பின்னேரம் ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில படலம் எவ்வளவு கெதியா ஏறுது எண்டு, மேல ரேடியோ அனுப்பி எதிரொலி பாக்கிற அயனோசொண்ட் கருவியில பாத்தாத்தான் ரெண்டு மணித்தியாலம் முன்னக் கொஞ்சம் நம்பிக்கையாச் சொல்லலாம். 2019 ஜூன் 25 இல அனுப்பின ஆறு கொஸ்மிக்-2 சட்டலைட்டும் வெப்பவலயத்துக்கு மேல சுத்தி அடர்த்தியையும் ஆட்டத்தையும் அளக்குது.

"சரி, அப்ப நாங்க என்ன செய்யோணும்?"

காணி அளக்கிறவங்க சீசனில ஆர்டிகே (சென்ரிமீட்டர் துல்லியத்தில அளக்கிற முறை) வேலையை பொழுது பட முன்ன முடியுங்க. இரவு அளந்தே ஆகோணும் எண்டா தாழ நிக்கிற சட்டலைட்டை விலக்கிற எலிவேஷன் மாஸ்க்கை 15, 20 பாகைக்கு உயத்துங்க, ஜிபிஎஸ்ஸோட மற்ற நாட்டுக்காரரின்ட குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாத்தையும் போட்டு விடுங்க, குமிழ் வானம் முழுக்க மூடுறதில்ல, வேற பக்கத்து சட்டலைட்டுகள் தப்பி நிக்கும். ஃபிக்ஸ் (துல்லியமான நிலை) விட்டுப்போனா அந்த இடத்தில ஒரு மணித்தியாலம் இருங்க, அனேகமா அந்தக் குமிழ் கிழக்கால போயிடும், ஆனா பின்னால இன்னொண்டு வரலாம்.

கடலுக்குப் போறவங்க, சீசன் இரவில துறைமுக வாயிலுக்குள்ள வரேக்க ஜிபிஎஸ் கோட்டை மட்டும் நம்பி ஓட வேண்டாம், லைட்ஹவுசையும் கொம்பஸையும் ஆழமானியையும் சேத்துப் பாருங்க. எஸ்எஸ்பியில கரையோட கதைக்க வேண்டிய முக்கியமான விசயத்தைப் பொழுது பட முன்ன கதைச்சு முடியுங்க, எட்டு மணிக்குக் குரல் படபடத்தா செட்டைத் திருகிக்கொண்டு இருக்காம கீழ் பிரீக்குவன்சிக்கு மாறி, சொல்லை நிறுத்தி நிறுத்தி ரெண்டு தரம் சொல்லுங்க. செட்டைக் கழட்டிக் கொண்டுவாறதுக்கு முன்ன அடுத்த நாள் மத்தியானம் ஒருக்காப் போட்டுப் பாருங்க, அப்பவும் ஆடினா கொண்டுவாங்க, பாப்பம்.